வியாழக்கிழமை கடைசி பீரியடு

“ஒரு புள்ள வெள்ளைத் தாளக் குடுக்குதுங்க மாஸ்டர். நான் என்ன பண்ணட்டும்?”

கேட்டவர் தலைமையாசிரியர் சென்னியப்பன். கேட்டது பரோட்டா மாஸ்டர் தொபியாஸிடம்.

சிரிக்க வேண்டாம். சேலம் போகும் சாலையில் லாரி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் அந்தக் கடையைச் சொல்வார்கள். தொபியாஸ் தூத்துக்குடிக்காரர். பதினெட்டு வருஷம் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். இந்தப் பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, மலையடிவாரத்தில் கடை போட்டு உட்கார்ந்துவிட்டார். வயது நாற்பத்திரண்டு.

லாரிக்காரர்கள் அவரிடம் பரோட்டாவுக்கும் வருவார்கள், வழக்குக்கும் வருவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். எதையாவது செய்து காட்டுவார், இல்லாவிட்டால் எதையாவது திருப்பிக் கேட்பார். வந்தவருக்கு வீடு போய்ச் சேர்வதற்குள் விஷயம் புரிந்துவிடும். சிலருக்கு ஆத்தூர் தாண்டிய பிறகுதான் புரியும்.

சென்னியப்பனுக்கு ஐம்பத்தேழு வயது. விடுதியோடு சேர்ந்த பெரிய பள்ளிக்கூடத்தின் தலைவர். அவர் நடந்து வந்தால் வராந்தாவில் காக்கைகூடக் கத்தாது என்பார்கள். அப்படிப்பட்டவர் ஒரு பரோட்டாக் கடை பெஞ்சில் உட்கார்ந்து யோசனை கேட்கிறார் என்றால் எவ்வளவு மனம் நொந்திருக்க வேண்டும்!

“வெள்ளைத் தாள்னா?” என்றார் தொபியாஸ். மாவு பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பேரு சுகிர்தா. பிளஸ் டூ. எப்பவும் முதல் மார்க்குங்க. பதினஞ்சு நாளா எந்தப் பரீட்சை வெச்சாலும் மேல பேரும் நம்பரும் அழகா எழுதுது. கீழ ஒரு எழுத்து கிடையாது. அப்படியே குடுத்துட்டு வணக்கம் வேற சொல்லுது.”

“உடம்புக்கு ஏதும்...?”

“டாக்டரம்மாகிட்டக் காட்டியாச்சு. ரெண்டு தடவை உட்கார வெச்சுப் பேசுனாங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களாம். கேட்டா, எழுதறதுக்கு ஒண்ணும் தோணலைங்குது. நாப்பது நாள்ல பப்ளிக். அங்கயும் இப்படிக் குடுத்துட்டா அந்தப் புள்ளைக்கு என்னங்க கதி? அம்மா நூல் மில்லுக்குப் போறவங்க. அந்த வீட்ல இதுக்கு முன்னால யாரும் பத்தாவது தாண்டலை.”

அவரும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவர்தான். சுகிர்தாமேல் அவருக்கு உயிர். அதை அவர் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

தொபியாஸ் மாவை ஒரு குத்துக் குத்தினார்.

“நீங்க என்ன சார் நடத்துதிய?”

“தெரியாதுங்களா? ஸ்கூல்.”

“ஸ்கூலா?”

“ஸ்கூல்தானுங்க.”

“நிச்சயமாவா?”

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. “முப்பத்தியோரு வருசமா நடத்தறனுங்க.”

தொபியாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். அவர் உட்காருவது அபூர்வம்.

“கப்பல்ல எனக்கு ஒரு கிறுக்கு சார். எந்த ஊர்ல எறங்குனாலும் சின்னப் பிள்ளைய பையை மாட்டிட்டுப் போறதப் பாப்பேன். எங்கவே போறேன்னு கேப்பேன். லிஸ்பன்ல இஷ்கோலான்னான். மார்செய்ல எகோல்னான். ஜெனோவால ஸ்குவோலா. ஹாம்பர்க்ல ஷூலே. போலந்துக்காரப் பிள்ளகூட ஷ்கோவான்னுதான் சொல்லிச்சு. பாஷை வேற, சாப்பாடு வேற, ஒருத்தன ஒருத்தன் கண்டாலே ஆவாது. இந்தச் சொல்லு மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு.”

“எல்லாம் ஸ்கூல்தானுங்க.”

“அதான். சரி, அப்ப அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன். ஒருத்தனுக்கும் தெரியல. பிள்ளைய படிக்கிற எடம்னானுவ.”

“வேற என்னங்க அர்த்தம் இருக்குது?”

“எங்க எஞ்சின் ரூம்ல ஒரு கிரேக்கத்துக்காரர் இருந்தாரு. சாயங்காலம் வேலை முடிஞ்சா கையத் துடைச்சுட்டு ‘ஸ்கோலாசமே’ன்னு கத்துவாரு. நம்ம ஊர்ல பிள்ளைய ‘ஸ்கூல் விட்டாச்சு’ன்னு கத்திட்டு ஓடும்லா, அதே குரல்ல. என்ன சொல்லுதியன்னு கேட்டேன். வேலை முடிஞ்சுது, விட்டாச்சுன்னாரு. அந்தச் சொல்லுக்கும் நம்ம ஸ்கூலுக்கும் தாய்ச் சொல்லு ஒண்ணுதான் சார். அவங்க ஊர்ல ஆதியில ஸ்கோலேன்னா...”

அடுப்பில் குருமா பொங்கியது. எழுந்து போய்விட்டார்.

சென்னியப்பன் காத்திருந்தார். காத்திருந்து பழக்கமில்லாதவர்.

“ஸ்கோலேன்னா?”

“சும்மா இருக்கிற நேரம்,” என்றார் தொபியாஸ், குருமாவைக் கிண்டியபடி.

“என்னது?”

“வேலை வெட்டி இல்லாத நேரம். அந்த நேரத்துல மனுசன் உக்காந்து பேசுவான், கேப்பான், யோசிப்பான். அப்புறம் அந்தப் பேச்சுக்கும் அதே பேரு வந்துட்டு. பேசுற எடத்துக்கும் அதே பேரு. லத்தீன்காரன் அவன்கிட்ட வாங்குனான். மத்தவனுவ எல்லாம் லத்தீன்காரன்கிட்ட வாங்குனானுவ.”

“ஏனுங்க, வெளையாடறீங்களா?”

“அடுத்த வாட்டி வரும்போது உங்க டைம் டேபிளக் கொண்டாங்க,” என்றார் தொபியாஸ்.

அவ்வளவுதான். அன்றைக்கு யோசனை முடிந்தது.

*

சென்னியப்பன் நேராக நூலகத்துக்குப் போனார். மூன்று அகராதிகளைப் புரட்டினார்.

மூன்றும் பரோட்டா மாஸ்டர் பக்கம்தான் பேசின.

அவருக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லி ஏமாற்றியவர்கள்மேல்கூட அவருக்கு இப்படிக் கோபம் வந்ததில்லை. உண்மையைச் சொன்னவர்மேல் வந்தது.

வெளியே வந்தால் நுழைவாயில் சுவரில் ஆளுயர நீல எழுத்து. அவரே சொல்லி எழுதவைத்த வாசகம்.

‘இங்கு ஒரு நிமிடமும் வீணாகாது.’

தினமும் பார்ப்பதுதான். இன்றைக்கு ஏனோ அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தார்.

*

சனிக்கிழமை டைம் டேபிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

அதைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு. காலை ஐந்துக்குப் படிப்பு. ஆறரைக்குச் சிறு தேர்வு. குளிக்கப் பதினைந்து நிமிஷம். சாப்பிட இருபது. சாப்பிடும்போது காது சும்மா இருக்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் வேதியியல் சமன்பாடுகள் ஓடும். பிள்ளைகள் இட்லியையும் சல்பூரிக் அமிலத்தையும் ஒன்றாக விழுங்குவார்கள். அப்புறம் பாடம், பாடம், பாடம்.

தொபியாஸ் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய் விரலைத் தாளில் படாமல் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலாக நகர்த்திக்கொண்டே போனார். தேடுகிறவர் மாதிரி இருந்தது.

“என்னங்க தேடறீங்க?”

“ஸ்கூலத் தேடுதேன் சார். எங்க இருக்கு இதுல?”

சென்னியப்பன் தானும் தாளை எட்டிப் பார்த்தார்.

தொபியாஸின் விரல் ஒரு கட்டத்தில் பதிந்து நின்றது. வியாழக்கிழமை, கடைசி பீரியடு.

“இதென்ன, பி.டி.ன்னு போட்டிருக்கு?”

“வெளையாட்டு வகுப்புங்க.”

“வெளையாடுவாங்களா?”

“பேப்பர்ல இருக்குதுங்க,” என்றார் சென்னியப்பன். “அதிகாரிங்க வந்தாக் காட்டணும்ல. கணக்கு வாத்தியார் அர்த்தநாரி எடுத்துக்குவாரு.”

“எப்பவாச்சுமா?”

“எப்பவும்.”

இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் இந்தச் சோகம் தெரியும். பந்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கிளம்புகிற நேரத்துக்குக் கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நிற்பார். சுண்ணக்கட்டி டப்பா கையில் இருக்கும். ‘சும்மாதானே இருக்கு, ஒரு கணக்கு முடிச்சிடறேன்’ என்பார். அந்த ஒரு கணக்கு முடிந்ததாகச் சரித்திரம் கிடையாது.

தொபியாஸ் விரலை எடுத்தார். அந்தக் கட்டத்தில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை.

“அடடே, கறையாயிட்டே,” என்றார். வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்னியப்பன் வண்டியைக் கிளப்பினார். பாதி வழியில் அவருக்குப் புரிந்துவிட்டது.

புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார் என்று சொல்வதுதான் சரி.

*

திங்கட்கிழமை காலை சுற்றறிக்கை வந்தது.

‘பிளஸ் டூ மாணவ மாணவியருக்கு வியாழன்தோறும் கடைசிப் பாடவேளை ஓய்வு வகுப்பாக நடத்தப்படும். அனைவரும் கட்டாயமாக ஓய்வெடுக்க வேண்டும். ஓய்வெடுக்காதவர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’

பொறுப்பாசிரியர் ஒருவர் நியமிக்கப்பட்டார். வருகைப் பதிவேடு ஒன்று திறக்கப்பட்டது. வரிசை வரிசையாக உட்காரவைத்தார்கள். பேசக் கூடாது, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். பொறுப்பாசிரியர் கையில் பிரம்பு வைத்துக்கொண்டு ஓய்வை மேற்பார்வை பார்த்தார்.

வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பரீட்சை. ஐந்து மார்க்.

‘ஓய்வின் பயன்கள் ஐந்து எழுதுக.’

பிள்ளைகள் பாவம், வியாழக்கிழமை ராத்திரியே உட்கார்ந்து மனப்பாடம் செய்திருந்தார்கள். ஒருவன் ஆறு பயன் எழுதி, கூடுதலாக அரை மார்க் கேட்டான்.

சுகிர்தா மேலே பேரும் நம்பரும் எழுதினாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. வணக்கம் சொல்லிக் கொடுத்தாள்.

அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது சென்னியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. வந்ததை விழுங்கிக்கொண்டு, “போ கண்ணு,” என்று மட்டும் சொன்னார். கண்ணு என்று அவர் ஒரு மாணவியைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள்கூட ஒரு நொடி நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இன்னும் முப்பத்திரண்டு நாள்.

*

மறுநாள் மத்தியானம் சென்னியப்பன் கடைக்குள் புயல் மாதிரி நுழைந்தார்.

“நீங்க சொன்னதச் செஞ்சனுங்க. ஒண்ணும் நடக்கலை.”

“நான் ஒண்ணும் சொல்லலியே சார்,” என்றார் தொபியாஸ்.

“ஓய்வு குடுத்தனுங்க! பதிவேடு போட்டுக் குடுத்தேன்! ஆளப் போட்டுக் குடுத்தேன்! பரீட்சைகூட வெச்சேன்!”

பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு லாரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்குப் புரையேறியது.

தொபியாஸ் சிரிக்கவில்லை. அப்போதுதான் பிசைந்து முடித்த மாவிலிருந்து ஓர் உருண்டை பிய்த்து, எண்ணெய் தடவி, அவர் முன்னால் வைத்தார்.

“வீசுங்க.”

“எனக்குத் தெரியாதுங்க.”

“பாத்திருக்கியல்லா. வீசுங்க.”

சென்னியப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வீசினார். மாவு நீளவில்லை. ரப்பர் மாதிரி சுருங்கித் திரும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக வீசினார். நடுவில் கிழிந்தது. கிழிந்ததை ஒட்டி, இன்னும் ஓங்கி அடித்தார். மூன்றாகப் போயிற்று.

“மாவு சரியில்லைங்க,” என்றார், மூச்சு வாங்க.

“நல்ல மாவு சார். முதல்தரம்.”

தொபியாஸ் மூன்று துண்டையும் சேர்த்து உருட்டினார். தாம்பாளத்தில் வைத்தார். ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து மேலே மூடினார்.

“இப்ப என்னங்க பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ணாண்டாம்.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“ஊறுற வரைக்கும்.”

தொபியாஸ் வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

சென்னியப்பன் இரண்டு நிமிஷம் பொறுத்தார். துணியைத் தூக்கிப் பார்த்தார். மூடினார். மறுபடி தூக்கிப் பார்த்தார். விரலால் ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்தார்.

“சார்,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “இப்படித் தொறந்து தொறந்து பாத்தா அதுக்குப் பேரு மூடி வைக்கிறதா?”

சென்னியப்பன் கையை எடுத்துக்கொண்டார். மாட்டிக்கொண்ட மாணவனைப் போல அசடு வழிந்தது.

கைப்பேசியை எடுத்தார். சார்ஜ் இல்லை. வாசலைப் பார்த்தார். லாரி எதுவும் போகவில்லை. சட்டைப்பையைத் தடவினார். டைம் டேபிள்தான் இருந்தது. அது மனப்பாடம்.

வேறு வழியில்லாமல் சும்மா உட்கார்ந்தார்.

எத்தனை வருஷமாயிற்று இப்படி உட்கார்ந்து? அவருக்கு ஞாபகமில்லை. முதலில் கால் ஆடியது. பிறகு நின்றது. முதலில் விடுதி மெஸ் ஞாபகம், கரண்ட் ஞாபகம், அதிகாரி ஞாபகம் எல்லாம் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டது. மலைமேல் ஒரு மேகம் நின்றிருந்தது. அதை அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு துணியைப் பார்த்தார்.

வெயில் பட்ட பக்கம் துணி காய்ந்திருந்தது. அங்கே வெள்ளை. நிழல் பக்கம் இன்னும் ஈரம். அங்கே அதே வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகத் தெரிந்தது. நடுவில் கோடு போட்ட மாதிரி ஓர் எல்லை.

அட, ஈரம் பட்டால் ஏன் நிறம் கறுக்கிறது? தண்ணீருக்கு நிறமே இல்லையே?

முப்பத்தியோரு வருஷம் ஒளியியல் நடத்தியவர். அவருக்குப் பதில் தெரியவில்லை.

இதை யாரோ கேட்டிருக்கிறார்கள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால். ஒன்பதாம் வகுப்பு. இரண்டாவது பெஞ்சில் ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றாள். மழையில் நனைந்து வந்திருந்தாள். சீருடையின் தோள்பட்டை மட்டும் ஈரம். அதைப் பிடித்துக் காட்டிக்கொண்டு கேட்டாள். ‘சார், தண்ணிக்குத்தான் கலரே இல்லீங்களே? அப்புறம் ஏனுங்க நனைஞ்ச எடம் மட்டும் கறுப்பாத் தெரியுது?’

என்ன கண்கள் அன்றைக்கு அவளுக்கு! ஏதோ புதையலைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து நீட்டுகிற மாதிரி.

அவர் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தை விடாமல் வந்தது.

‘பரீட்சைக்கு வராது. உட்காரு.’

அதற்குப் பிறகு சுகிர்தா எதையும் கேட்டதாக நினைவில்லை. முதல் மார்க் வாங்கினாள். அவரும் கேள்வியை மறந்துபோனார்.

சென்னியப்பன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பரோட்டாக் கடையில், லாரிக்காரர்கள் முன்னால், ஊரே நடுங்குகிற தலைமையாசிரியர். ஒருவர் தண்ணீர்த் தம்ளரை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

தொபியாஸ் வந்து துணியை எடுத்தார்.

“இப்ப வீசுங்க.”

அதே மாவு. அதே கை. ஓங்கக்கூட இல்லை. மாவு தானாக விரிந்தது. விரிந்து, மெல்லிசாகி, மேசை விளிம்பு வரை போயிற்று. அடியில் இருந்த மரத்தின் ரேகை அதன் வழியாகத் தெரிந்தது.

சென்னியப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

“சார், சாப்பிடலியா?”

“வியாழக்கிழமைக்கு அப்புறம் வர்றனுங்க.”

*

வியாழக்கிழமை கடைசி பீரியடு.

பொறுப்பாசிரியர் இல்லை. பதிவேடு இல்லை. பிரம்பு எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியாது.

விடுதிக்குப் பின்னால் ஒரு புங்கமரம் உண்டு. அதன் நிழலுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சென்னியப்பனும் வந்து மோட்டார் அறைப் படியில் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இது புது வகைத் தண்டனை என்று பிள்ளைகளில் சிலர் முடிவுகட்டினார்கள். பாதிப் பேர் புத்தகத்தை எடுத்து விரித்தார்கள். அவர் தடுக்கவில்லை. ஒருவன் மெதுவாகப் பக்கத்துப் பையனிடம் பேசினான். அவர் அதட்டவில்லை. ஒருத்தி புங்கங்காயைப் பொறுக்கிக் குவித்தாள்.

சுகிர்தா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை எதிரே துணி காயப்போட்டிருந்த கொடியில் இருந்தது.

இருபது நிமிஷம் போயிற்று. சென்னியப்பனுக்குத் துணியைத் தூக்கிப் பார்க்கக் கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் பேசினார். யாரையும் பார்க்காமல், கொடியைப் பார்த்துப் பேசினார்.

“ஈரத்துணி ஏன் கறுத்துத் தெரியுதுன்னு எனக்குத் தெரியலை.”

புத்தகம் விரித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“மூணு வருசத்துக்கு முன்னால ஒரு புள்ள கேட்டுச்சு. பரீட்சைக்கு வராதுன்னு உட்கார வெச்சுட்டேன். எனக்குத் தெரியலைங்கறதச் சொல்ல வெட்கம். தப்புப் பண்ணிட்டேன்.”

தலைமையாசிரியர் வாயிலிருந்து ‘தெரியலை’ என்ற சொல்லும் ‘தப்பு’ என்ற சொல்லும் ஒரே மூச்சில் வந்ததைப் பிள்ளைகள் நம்ப முடியாமல் பார்த்தார்கள். காற்றில் கொடித் துணி படபடத்தது.

சுகிர்தா அசையவில்லை.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அவ்வளவுதான், காலம் கடந்துவிட்டது என்று சென்னியப்பன் நினைத்தார்.

“துணி மட்டும் இல்லீங்க சார்.”

அவள்தான்.

“மண்ணும் அப்படித்தானுங்க. மழை பேஞ்சா மண்ணும் கறுக்குது. சிமெண்டுத் தரையும் கறுக்குது. ஆனா...” நிறுத்தினாள். கேட்கலாமா என்பது போல அவர் முகத்தைப் பார்த்தாள்.

“சொல்லு கண்ணு.”

“ஆனா காயிதத்துல எண்ணெய் பட்டா மட்டும் வெளிச்சம் இந்தப் பக்கம் வருதுங்களே? பலகாரம் மடிச்ச காயிதம் மாதிரி. ரெண்டும் நனையறதுதானே? அது ஏன் கறுக்குது, இது ஏன் வெளிச்சம் விடுது? இல்ல... ரெண்டும் ஒண்ணுதானுங்களா?”

சென்னியப்பன் சட்டைப்பையில் கைவிட்டார். டைம் டேபிளை எடுத்துப் பிரித்தார். வானத்துக்கு நேரே பிடித்தார்.

தாள் முழுக்கக் கட்டம், கட்டமாக எழுத்து. வியாழக்கிழமை கடைசி பீரியடில் மட்டும் வட்டமாக வெளிச்சம் வந்தது.

சுகிர்தா எழுந்து வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். ஒருவன், “கீழ வெச்சுப் பாருங்க சார், மண்ணு மேல,” என்றான். வைத்தார். வெளிச்சம் வந்த இடம் இப்போது கறுப்பாகத் தெரிந்தது.

“அய்யோ!” என்றாள் சுகிர்தா. அந்த அய்யோவில் அத்தனை சந்தோஷம். “அப்ப வெளிச்சம் திரும்பி வர்றதில்ல! உள்ளார போயிருது! சார், யாருகிட்டயாச்சும் பென்சில் இருக்குதுங்களா?”

நாலு பென்சில் நீண்டது. ஒன்றை வாங்கினாள். தாளுக்குச் சுற்றுமுற்றும் பார்த்தாள். சென்னியப்பன் கையிலிருந்த டைம் டேபிளை அவளே வாங்கி, படியில் வைத்து, வெறுமையாக இருந்த பின்பக்கத்துக்குத் திருப்பினாள்.

ஒரு கோடு போட்டாள். அது வெளிச்சம். கீழே நூல் நூலாகத் துணி வரைந்தாள். நூலுக்கு நடுவில் தண்ணீர். பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். எழுதினாள், எழுதிக்கொண்டே போனாள். பேரும் நம்பரும் போடவில்லை.

மற்ற பிள்ளைகள் அவள் தோளுக்கு மேல் குனிந்து சண்டை பிடித்தார்கள். ஒருவன் தப்பு என்றான். ஒருத்தி கொடியிலிருந்து ஈரத்துண்டை உருவிக்கொண்டு ஓடி வந்தாள்.

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

முதுகுக்குப் பின்னால் செருமல் சத்தம் கேட்டது. கணக்கு வாத்தியார் அர்த்தநாரி நின்றிருந்தார். கையில் சுண்ணக்கட்டி டப்பா.

“சார், இந்தப் பீரியடு சும்மாத்தானுங்களே இருக்கு? நான் எடுத்துக்கட்டுங்களா?”

சென்னியப்பன் உதட்டில் விரல் வைத்தார்.

“மெதுவாப் பேசுங்க,” என்றார். “ஸ்கூல் நடக்குது.”